ஒரே சிப்புக்கு எத்தனை முறை டிரைவர் எழுதுவது?

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் சீரியல் போர்ட்டை இயக்கியது நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் 8250 என்ற சிப். அதன் வாரிசு 16450. அதற்கடுத்து, 16 பைட் பஃபரோடு (தற்காலிகச் சேமிப்பிடத்தோடு) 16550 வந்தது. தனிச் சிப்பாக இவற்றை இன்று பார்ப்பது அரிது. ஆனால் ஒரு ரவுட்டரையோ தொழிற்சாலைக் கருவியையோ திறந்து, அதன் முதன்மைச் சிப்பின் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். சீரியல் போர்ட் பற்றிய அத்தியாயத்தில் 16550-இன் அதே எட்டு முகவரிகளும் அதே பிட்களும் வந்து நிற்கும் வாய்ப்பு அதிகம். நாற்பது ஆண்டுகள் கடந்தும் அந்த ரெஜிஸ்டர்களின் (சிப்போடு பேச மென்பொருள் படித்து எழுதும் சிறு இடங்களின்) அமைப்பு உயிரோடிருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஒரே டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் ஒரே மென்பொருள், போதுமே என்று தோன்றும். பாதிதான் சரி. பிசியில் அந்த ரெஜிஸ்டர்கள் ஐஓ போர்ட் முகவரிகளில் அடுத்தடுத்த பைட்களாக இருக்கும். ஆர்ம் (கைபேசிகளில் பரவலான செயலி வகை) சிப் ஒன்றுக்குள் அவையே மெமரி முகவரிகளாக, நான்கு பைட்டுக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி அமைந்திருக்கும். சில பஸ்களில் (செயலியையும் சிப்பையும் இணைக்கும் பாதைகளில்) 32 பிட்டாக மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும். கடிகாரத் துடிப்பும் மாறும். பிசியில் அது 1.8432 மெகாஹெர்ட்ஸ், 16-ஆல் வகுத்தால் 115200. சீரியல் இணைப்பின் வேகமாக நாம் கேட்டுப் பழகிய எண் அங்கிருந்துதான் வருகிறது. இன்னொரு சிப்பில் அதே துடிப்பு 48 மெகாஹெர்ட்ஸாக இருக்கலாம். இத்தனையும் மாறினாலும், "எந்த பிட் எழுந்தால் எழுத்து வந்திருக்கிறது, எந்த பிட் எழுந்தால் அடுத்ததை அனுப்பலாம்" என்பது மட்டும் மாறுவதில்லை.

ஒரு டிரைவருக்குள் மூன்று வகை அறிவு கலந்து கிடக்கிறது. சிப் எப்படி நடந்துகொள்ளும் என்பது முதலாவது. அந்தச் சிப் இந்தக் கணினியில் எங்கே, எந்த பஸ்ஸில், எந்த இன்டரப்டில் (செயலியின் கவனத்தை அழைக்கும் சமிக்ஞையில்) இணைந்திருக்கிறது என்பது இரண்டாவது. மேலே இருக்கும் இயங்குதளம் டிரைவரிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பது மூன்றாவது. முதலாவது சிப்போடு பிறந்து சிப்போடு மறைவது. இரண்டாவது போர்டுக்குப் போர்டு மாறும். மூன்றாவது கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) வெளியீட்டுக்கு வெளியீடுகூட மாறும். வேறு வேறு வேகத்தில் மாறும் மூன்றையும் ஒரே கோப்பில் பின்னி எழுதிவிட்டுப் பிறகு பிரிக்க உட்காருவதுதான் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் கதை. பொதுக் கீழ்மட்ட நிரலைப் பகிர்வது என்றால், இந்த மூன்றுக்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது என்று தீர்மானிப்பதுதான். கோடு சரியாக விழுந்த இடங்களில் நிரல் முப்பது ஆண்டு நிற்கிறது. தவறிய இடங்களில், பகிராமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற நிலை வருகிறது.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? லினக்ஸ் கர்னலின் மூல நிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான். 2001-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ், ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளங்களின் நிரல்களைத் தானியங்கிக் கருவிகளால் சல்லடை போட்டுப் பார்த்தார்கள். டிரைவர் பகுதியின் பிழை விகிதம் கர்னலின் மற்றப் பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வரை அதிகமாக இருந்தது. டிரைவர் எழுதுபவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மெமரி மேலாண்மைப் பகுதியை ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு நொடியும் ஓட்டிச் சோதிக்கிறது. ஏதோ ஒரு நெட்வொர்க் கார்டின் பிழைகையாளும் பாதையோ, அந்தக் கார்டு இருக்கும் சில கணினிகளில், கேபிள் பிடுங்கப்படும் அந்தக் கணத்தில் மட்டும் ஓடும். ஆகவே ஒவ்வொரு டிரைவரும் தனக்கென்று எழுதி வைத்திருக்கும் ஒவ்வொரு வரியும் போதிய சோதனை காணாத வரி. அந்த வரிகளைக் குறைத்துப் பலரும் நடக்கும் பொதுப் பாதைக்கு மாற்றினால் பிழைகள் சீக்கிரம் வெளியே வரும். பகிர்வின் முதல் பயன் இதுதான் என்று நினைக்கிறேன். தட்டச்சு வேலை மிச்சமாவது அதற்குப் பின்னால்தான்.

நகல் எடுப்பதன் விலை

நடைமுறையில் புதிய டிரைவர் எப்படிப் பிறக்கிறது? அதைப் போன்ற இன்னொரு டிரைவரின் கோப்பை நகலெடுத்து, பெயரை மாற்றி, முகவரிகளைத் திருத்தி, ஓடும் வரை தட்டிக்கொண்டிருப்பார்கள். அவசரத்தில் இதைவிட வேகமான வழி இல்லை. நானும் இதை ஆதரித்தே பேசுவேன், முதல் வாரம் மட்டும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதற்கு என்சிஆர் 5380 நல்ல சாட்சி.

5380 ஒரு எளிய ஸ்கஸி (வட்டு போன்றவற்றைக் கணினியோடு இணைக்கும் முறை) சிப். 1986-இன் மேக்கின்டாஷ் பிளஸ், சன்-3 ஒர்க்ஸ்டேஷன், அட்டாரி டிடி, மலிவான பிசி கார்டுகள் என்று அது பரவாத இடம் குறைவு. லினக்ஸில் அதற்குப் பொதுவான ஒரு கோப்பு இருந்தது. அட்டாரிக்காக அதிலிருந்து ஒரு நகல் எடுத்து, கட்டளைகளை வரிசைப்படுத்தும் வசதி, இன்டரப்ட் கையாளும் முறை ஆகியவற்றை அதற்கேற்ப மாற்றினார்கள். பிறகு சன்-3க்கு ஆதரவு தேவைப்பட்டபோது, அட்டாரி நகலிலிருந்து இன்னொரு நகல். ஒரே சிப், மூன்று மூளைகள். ஒன்றில் திருத்திய பிழை மற்ற இரண்டில் அப்படியே இருக்கும். ஒன்றில் வந்த மேம்பாடு மற்றவற்றுக்குப் போகாது. 2010-களின் நடுப்பகுதியில்தான் அவை நீண்ட பேட்ச் (நிரல் திருத்த) வரிசை ஒன்றின் வழியே மறுபடியும் ஒன்றாயின. நகலெடுக்க ஒரு மாலை போதும். இணைக்கும்போதோ ஒவ்வொரு வேறுபாட்டிலும் நின்று, "இது சிப்பின் குணமா, அந்தக் கணினியின் குணமா, வெறும் தற்செயலா" என்று கேட்டாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதியவரின் மனதில் இருந்ததை நிரலிலிருந்து ஊகித்து எடுப்பது தொல்லியல் வேலை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் அதே காலத்திலேயே இருக்கிறது. என்இ2000 என்ற நெட்வொர்க் கார்டு 1990-களில் எங்கும் இருந்தது. அதற்குள் இருந்தது நேஷனல் செமிகண்டக்டரின் டிபி8390 சிப். வெஸ்டர்ன் டிஜிட்டல், 3காம் நிறுவனங்களின் சில கார்டுகளிலும் அதே சிப்தான். ஆனால் கார்டுகள் ஒரு விஷயத்தில் அடியோடு வேறுபட்டன. வந்து சேர்ந்த பாக்கெட்டைக் கார்டின் மெமரியிலிருந்து கணினிக்கு எப்படிக் கொண்டுவருவது? வெஸ்டர்ன் டிஜிட்டல் கார்டு தன் மெமரியைக் கணினியின் முகவரிப் பரப்பிலேயே காட்டும், நேராக நகலெடுத்துக்கொள்ளலாம். என்இ2000 அப்படிக் காட்டாது. ஒரே போர்ட் வழியாக இரண்டிரண்டு பைட்டாக உறிஞ்ச வேண்டும்.

டொனால்ட் பெக்கர் லினக்ஸுக்கு எழுதிய 8390 பொதுப் பகுதி கோட்டைப் போட்டது துல்லியமாக அந்த இடத்தில்தான். ரெஜிஸ்டர்களைத் தயார்செய்வது, வட்டப் பஃபரைக் கண்காணிப்பது, நிரம்பி வழிந்தால் மீள்வது எல்லாம் பொதுக் கோப்பில். கார்டு டிரைவர் தர வேண்டியது நான்கே ஃபங்ஷன்கள்: கார்டை ரீசெட் செய், பாக்கெட்டின் தலைப்பை எடு, தரவை உள்ளே கொண்டுவா, தரவை வெளியே அனுப்பு. வேறுபாடு வன்பொருளில் எங்கே இருந்ததோ, நிரலிலும் அங்கேயே பிளவு. பின்னாளில் மேக், அமிகா போன்ற கணினிகளின் கார்டுகளும் இந்தப் பொதுப் பகுதியைப் பயன்படுத்தின. ரெஜிஸ்டரைத் தொடும் விதமே வேறாக இருந்த கணினிகளுக்காக, அதே சி கோப்பை ஒவ்வொரு டிரைவரும் தன் சொந்த மேக்ரோக்களோடு உள்ளே இழுத்துக் கம்பைல் செய்துகொள்ளும்படி ஏற்பாடு செய்தார்கள். பார்க்க அழகான வழி என்று சொல்ல முடியாது. ஆனால் சிப்பைப் பற்றிய அறிவு ஒரே இடத்தில் நின்றது. அதுதான் வேண்டியது.

இரண்டாம் வகை அறிவைப் பிரிப்பதில் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளம் காட்டிய ஒழுங்கு தனியாகச் சொல்லத் தக்கது. 1993-இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்குப் பல்வேறு கணினிகளில் ஓடுவதே முதல் குறிக்கோள் என்பதால், டிரைவரை இரண்டாக உடைப்பது அங்கே விதியாகவே ஆனது. சிப்பின் நடத்தை ஒரு கோப்பில். அதை ஐஎஸ்ஏ, பிசிஐ போன்ற ஒவ்வொரு பஸ்ஸிலும் பொருத்தும் சிறு கோப்புகள் தனித்தனியாக. ரெஜிஸ்டரைப் படிக்க வேண்டுமானால் முகவரியை நேராகத் தொட அனுமதி இல்லை. பஸ் எது என்று சொல்லும் ஒரு குறி, இடம் எது என்று சொல்லும் ஒரு பிடி, இரண்டையும் கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஏஎம்டியின் லான்ஸ் என்ற நெட்வொர்க் சிப்பில் இதன் பலன் தெரிகிறது. சன், டெக், அமிகா என்று பல கணினிகளில் இருந்தது அது. டெக் கணினிகள் சிலவற்றில் சிப்பின் பஃபர் மெமரி செயலிக்கு இடைவெளி விட்டுத்தான் தெரியும்: ஒன்றில் இரண்டு பைட் தரவு, இரண்டு பைட் வெற்றிடம், இன்னொன்றில் 16 பைட் தரவு, 16 பைட் வெற்றிடம். இதற்காக நெட்பிஎஸ்டி லான்ஸ் டிரைவரை மூன்றாகப் பெருக்கவில்லை. "பஃபருக்கு நகலெடு" என்ற ஒரு ஃபங்ஷன் பாயிண்டரை வைத்து, இடைவெளி இல்லாதது, இரண்டு பைட் இடைவெளி, 16 பைட் இடைவெளி என்று மூன்று சிறு வடிவங்களைத் தந்தது. சிப்பின் தர்க்கம் ஒரு வரிகூட மாறவில்லை.

டிஎம்ஏ, அதாவது செயலியின் துணையின்றிச் சிப்பே மெமரியைத் தொடுவது, இன்னும் கடினமான இடம். சிப் நேராகக் கணினியின் மெமரிக்குள் எழுதும்போது, செயலியின் கேஷில் (செயலிக்குள் இருக்கும் சிறு வேக நினைவகத்தில்) பழைய தரவு மிச்சமிருக்கலாம். செயலி எழுதியதாக நினைப்பது இன்னும் மெமரிக்கே போய்ச் சேராமல் இருக்கலாம். வரிசை மாறியும் போகலாம். பழைய ஐஎஸ்ஏ கார்டென்றால் மெமரியின் முதல் 16 மெகாபைட்டைத் தாண்டி அதனால் எட்டவே முடியாது; நடுவில் ஒரு தற்காலிக பஃபர் வைத்து நகலெடுக்க வேண்டும். நெட்பிஎஸ்டியின் ஜேசன் தோர்ப் 1998-இல் விவரித்த டிஎம்ஏ கட்டமைப்பு இவற்றையெல்லாம் டிரைவரின் கண்ணிலிருந்து மறைத்தது. பதிலுக்கு அது டிரைவரிடம் கேட்டது ஒன்றே: தரவைச் சிப்பிடம் கொடுக்கும் முன்னும் அதனிடமிருந்து வாங்கிய பின்னும் "ஒத்திசை" என்று சொல்லிவிடு. எக்ஸ்86 கணினியில் (வழக்கமான பிசியில்) பெரும்பாலும் அந்த அழைப்பு எதுவுமே செய்யாது. அதனாலேயே எக்ஸ்86-இல் மட்டும் சோதிப்பவர் அதை எழுத மறப்பார், எல்லாம் ஓடும். அதே நிரல் ஆல்ஃபா, எம்ஐபிஎஸ் போன்ற வேறு வகைச் செயலிகளில் ஏறும் நாளில், நூற்றில் ஒரு பாக்கெட் சிதையும். பல கணினிகளில் ஓடும் பொதுநிரல் இப்படி ஒரு கணினி மறைத்த பிழையை இன்னொரு கணினியில் காட்டிக்கொடுக்கிறது. எந்தச் சோதனைக் கருவியும் இவ்வளவு மலிவாக இதைச் செய்வதில்லை.

பெயர் வேறு, சிப் ஒன்று

பகிர்வுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இரண்டும் ஒன்றுதான் என்று எப்படித் தெரியும்? இன்றைய கைபேசிச் சிப்பை விற்பவர்கள் அதன் எல்லாப் பகுதிகளையும் தாங்களே வடிவமைப்பதில்லை. யுஎஸ்பி கட்டுப்படுத்தி, ஈதர்நெட், ஐ2சி, சீரியல் போர்ட் ஆகியவற்றை சினாப்சிஸ் போன்ற நிறுவனங்களிடமிருந்து ஆயத்த வடிவமைப்பாக வாங்கித் தங்கள் சிப்புக்குள் பதித்துக்கொள்கிறார்கள். கையேட்டில் அது வாங்கியவரின் பெயரில், வாங்கியவரின் ரெஜிஸ்டர் பெயர்களோடு வரும். டிரைவர் எழுதுபவர் அதைப் புதிய வன்பொருள் என்று நம்பிப் புதிதாக எழுதுவார்.

சினாப்சிஸின் டிசைன்வேர் யுஎஸ்பி ஓடிஜி பகுதி அப்படித்தான் பல பெயர்களில் உலவியது. சாம்சங் சிப்களுக்கு லினக்ஸில் கேட்ஜெட் பக்கத்துக்கு (இன்னொரு கணினியோடு இணையும் கருவியாக நடக்க) ஒரு டிரைவர். ராஸ்பெரி பை முதலியவற்றில் ஹோஸ்ட் பக்கத்துக்கு (மற்றக் கருவிகளைத் தன்னோடு இணைத்துக்கொள்ள) வேறு டிரைவர். அடியில் இருந்தது ஒரே வடிவமைப்பு. 2014-இல்தான் சாம்சங் டிரைவர் டிடபிள்யூசி2 என்ற பொது டிரைவருக்குள் சேர்ந்தது. ஆகவே புதிய சிப்பின் கையேடு கைக்கு வந்ததும், ஒரு வரி நிரல் எழுதும் முன், ரெஜிஸ்டர்களின் இடைவெளிகளையும் பிட் அமைப்பையும் ஏற்கெனவே இருக்கும் டிரைவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள். பெயரைத் தேடினால் கிடைக்காது. எண்களைத் தேட வேண்டும்.

இந்தச் சிக்கல் ஒரு துறை முழுவதையும் பிடித்தபோது என்ன ஆகும் என்பதை 2011 மார்ச்சில் லினக்ஸ் பார்த்தது. ஆர்ம் பகுதியில் ஒவ்வொரு சிப் குடும்பமும் தனக்கென்று கடிகாரத்தை நிர்வகிக்கும் நிரல், பின்களை ஒதுக்கும் நிரல், போர்டுக்கு ஒரு கோப்பு என்று குவித்திருந்தது. ஒவ்வொரு வெளியீட்டிலும் அந்தக் குவியல் வளர்வதைக் கண்டு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே கொதித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் நிலைமை மாறியது. போர்டில் எது எங்கே இருக்கிறது என்ற விவரம் சி நிரலிலிருந்து டிவைஸ் ட்ரீ என்ற தரவுக் கோப்புக்குப் போனது. கடிகாரங்களுக்குப் பொதுக் கட்டமைப்பு 2012-இல் 3.4 வெளியீட்டில் வந்தது. அதே ஆண்டு இறுதியில் 3.7, வெவ்வேறு ஆர்ம் குடும்பங்களுக்கு ஒரே கர்னல் கோப்பைத் தயாரிக்க வழி செய்தது. இரண்டாம் வகை அறிவு நிரலாக இருக்க வேண்டியதே இல்லை, தரவாக எழுதினால் போதும் என்று கண்டுகொண்டதுதான் இந்த மாற்றத்தின் சாரம்.

சிறிய பகிர்வுகளையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஐ2சி, எஸ்பிஐ போன்ற மெதுவான பஸ்களில் தொங்கும் ஆடியோ, மின்சார மேலாண்மைச் சிப்கள் எல்லாமே ரெஜிஸ்டரைப் படிப்பது, எழுதுவது, மதிப்பை நினைவில் வைத்துக்கொள்வது என்ற ஒரே வேலையைத்தான் செய்கின்றன. லினக்ஸின் ஆடியோ பகுதிக்குள் இதற்கு ஏற்கெனவே இருந்த பொது நிரலை வெளியே எடுத்து ரெக்மேப் என்று 2011-இல் எல்லா டிரைவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். அது யாரையும் ஆள்வதில்லை. கூப்பிட்டால் வரும், அவ்வளவுதான்.

ஆளும் அடுக்கும் உதவும் நூலகமும்

அந்தக் கடைசி வேறுபாடு பலர் சறுக்கும் இடம் என்பதால் கொஞ்சம் நிற்கிறேன். பொதுநிரலை இரண்டு விதமாக அமைக்கலாம். ஒன்று, மேலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் பொதுப் பகுதியே வாங்கி, பெரும்பாலானதைத் தானே செய்து, நடுநடுவே "இப்போது நீ இதைச் செய்" என்று டிரைவரைக் கூப்பிடும் அமைப்பு. இன்னொன்று, டிரைவரே கோரிக்கையை நேராக வாங்கி, தேவையான இடத்தில் பொது ஃபங்ஷன்களைக் கூப்பிட்டுக்கொள்ளும் அமைப்பு. முதலாவதை நடு அடுக்கு என்றும் இரண்டாவதை நூலகம் என்றும் சொல்வார்கள். நீல் பிரவுன் என்ற கர்னல் நிரலாளர் 2009-இல் முதலாவதை "நடு அடுக்குத் தவறு" என்றே குறிப்பிட்டார்.

ஏன் தவறு? நடு அடுக்கை எழுதியவர் தனக்குத் தெரிந்த மூன்று சிப்களை வைத்து எழுதியிருப்பார். நான்காவது சிப் ஒரு படியை முன்னால் செய்ய வேண்டும் என்று கேட்கும். உடனே அடுக்கில் ஒரு கொடி சேரும். ஐந்தாவதுக்கு இன்னொரு கொடி. சில ஆண்டுகளில் பொதுப் பகுதிக்குள் "இந்தச் சிப் என்றால் இப்படி, அந்தச் சிப் என்றால் அப்படி" என்று கிளைகள் மண்டிவிடும். எந்தக் கிளையை யார் பயன்படுத்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. நூலகத்தில் இந்த நோய் வருவது குறைவு. வித்தியாசமான சிப்பின் டிரைவர் அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் கூப்பிடாமல் விட்டு, தன்னுடையதை எழுதிக்கொள்ளும். மற்றவர்களை அது தொடாது.

சாட்டா வட்டுகளுக்கான ஏஹெச்சிஐ டிரைவர் 2010-இல் இப்படி இரண்டாக உடைந்தது. அதுவரை அது பிசிஐ கார்டு என்ற எண்ணத்திலேயே எழுதப்பட்டிருந்தது. பிசிஐ இல்லாத சிப்களுக்குள்ளும் அதே கட்டுப்படுத்தி வரத் தொடங்கியதும், நடத்தைப் பகுதி லிப்ஏஹெச்சிஐ என்று தனி நூலகமாகப் பிரிந்தது. பிசிஐ டிரைவரும், பிசிஐ இல்லாத டிரைவரும் அதன் இரு வாடிக்கையாளர்கள் ஆயின.

எல்லா நடு அடுக்கும் கேடு என்று நான் சொல்லவில்லை. 2007-இல் லினக்ஸ் 2.6.22-இல் சேர்ந்த, வைஃபைக்கான பொது அடுக்கான மேக்80211-ஐப் பாருங்கள். வைஃபையின் பெரும்பகுதி, அதாவது இணைப்புக் கைகுலுக்கல், குறியாக்கம், வேகத் தேர்வு எல்லாம், மென்பொருளிலேயே செய்ய வேண்டிய சிப்கள் பெருகியபோது, ஒவ்வொரு டிரைவரும் தன் சொந்த வைஃபை அடுக்கைச் சுமந்து திரிந்தது. அதை ஒரே இடத்தில் வைத்தது பெரிய விடுதலை. அது நின்றதற்குக் காரணம், அங்கே கோட்டைப் போட்டது ஐஇஇஇ 802.11 தரநிலை என்பதுதான். எந்தப் படி எதற்குப் பின் வரும் என்பதை நிரலாளர் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. ஈதர்நெட்டின் பிஹெச்ஒய் (கேபிளில் சமிக்ஞையை அனுப்பி வாங்கும்) சிப்களிலும் இதே கதை: அவற்றின் 32 ரெஜிஸ்டர்களில் முதல் 16-ஐத் தரநிலை வரையறுக்கிறது, மீதி 16 தயாரிப்பாளர் விருப்பம். அதனால்தான் பெயர் தெரியாத பிஹெச்ஒய் சிப்பைக்கூடப் பொது டிரைவர் ஒன்று ஓரளவு இயக்கிவிட முடிகிறது.

இயங்குதளங்களுக்கு இடையே

மூன்றாம் வகை அறிவைப் பிரிப்பது, அதாவது ஒரு இயங்குதளத்தின் டிரைவரை இன்னொன்றில் ஓட்டுவது, பலரின் நெடுநாள் கனவு. எல்லா இயங்குதளங்களும் ஒரே இடைமுகத்தை ஒப்புக்கொண்டால் தீர்ந்தது என்று நம்பி, பல பெரிய நிறுவனங்கள் சேர்ந்து யுடிஐ என்ற வரையறையை 1999-இல் வெளியிட்டன. அது வேர்பிடிக்கவில்லை.

இன்னொரு வழி, டிரைவரை அப்படியே எடுத்து, அது பிறந்த வீட்டைப் போலவே ஒரு போலிச் சூழலைச் சுற்றிக் கட்டுவது. யூட்டா பல்கலைக்கழகத்தின் ஓஎஸ்கிட் 1997-இல் லினக்ஸ் டிரைவர்களையும் ஃப்ரீபிஎஸ்டியின் நெட்வொர்க் அடுக்கையும் இப்படி உறைபோட்டுத் தந்தது. உறைக்குள் இருக்கும் நிரல் தன்னை லினக்ஸ் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். "இப்போது ஓடும் ப்ராசஸ் எது?" என்று கேட்டால், அப்படி எதுவும் இல்லாத இடத்திலும் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். இன்டரப்டை நிறுத்தினால் உலகமே நின்றுவிட்டது என்று அது நம்பும். அந்த நம்பிக்கையையும் காப்பாற்ற வேண்டும். டிரைவரில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்ட எதிர்பார்ப்புகள்தான் இங்கே பெரிய சுமை.

இந்த வழியின் நெடுங்கால விலையை ஹர்ட் இயங்குதளத்தின் கர்னலான குனு மாக் காட்டுகிறது. 1990-களில் லினக்ஸ் 2.0 காலத்து டிரைவர்களை அது உறைபோட்டு எடுத்துக்கொண்டது. லினக்ஸ் நகர்ந்துகொண்டே இருக்க, உறைக்குள் இருந்தவை அப்படியே உறைந்துவிட்டன. பின்னர் லினக்ஸ் 2.6 காலத்து நெட்வொர்க் டிரைவர்களுக்கு ஒரு புதிய உறை, அதற்கும் பிறகு வட்டுகளுக்கு நெட்பிஎஸ்டியின் ரம்ப் கர்னல் என்று ஹர்ட் மாற வேண்டியதாயிற்று. ரம்ப் கர்னலின் சிறப்பு, உறையைப் பெறுபவர் வீட்டில் கட்டாமல் கொடுப்பவர் வீட்டிலேயே கட்டியது. நெட்பிஎஸ்டி தன் டிரைவர்களை வெளியேயும் ஓடும்படி தானே பராமரித்தது. உறையைப் பெறுபவர் மட்டும் பராமரித்தால், கொடுப்பவரின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். லினக்ஸின் கிராஃபிக்ஸ் டிரைவர்களைக் கொண்டுவர ஃப்ரீபிஎஸ்டி வைத்திருக்கும் லினக்ஸ்கேபிஐ அந்த ஓட்டத்தைத்தான் ஓடுகிறது. ஹைக்கூ இயங்குதளம் நெட்வொர்க் டிரைவர்களை ஃப்ரீபிஎஸ்டியிடமிருந்தும், சில வைஃபை டிரைவர்களை ஓப்பன்பிஎஸ்டியிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. பிஎஸ்டி உரிமம் இதற்கு இடம் கொடுக்கிறது. லினக்ஸின் ஜிபிஎல் உரிமத்தில் வரும் நிரலை எடுத்து உரிமம் மாறாமல் பிஎஸ்டி கர்னலில் கலக்க முடியாது. சில நிரலாளர்கள் இரட்டை உரிமத்தோடு வெளியிடுவது இதனால்தான்.

மூன்றாவது வழி, பிறக்கும்போதே எந்த இயங்குதளத்துக்கும் சொந்தமில்லாமல் எழுதுவது. இதில் நன்றாக வந்ததும் உண்டு, முட்டிக்கொண்டதும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும்.

நன்றாக வந்தது இன்டெலின் ஏசிபிஐசிஏ. மதர்போர்டு தரும் ஏசிபிஐ (கணினியின் வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிக்கும் தரநிலை) நிரலைப் புரிந்து ஓட்டும் மொழிபெயர்ப்பி அது. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஹைக்கூ எல்லாம் அதையே பயன்படுத்துகின்றன. இயங்குதளத்திடம் அது கேட்பது கொஞ்சம்: மெமரி கொடு, இந்த முகவரியைக் காட்டு, இந்தப் போர்ட்டைப் படி, ஒரு லாக் கொடு. அதன் மூல நிரல் தனக்கென்று ஒரு எழுத்து நடையில் இருக்கும். லினக்ஸுக்குள் போகும்போது ஸ்கிரிப்ட் ஒன்று அதை லினக்ஸ் நடைக்கு மாற்றிவிடும். ஓப்பன்பிஎஸ்டி மட்டும் இதை ஏற்காமல் தன் சொந்த மொழிபெயர்ப்பியை எழுதிக்கொண்டது.

முட்டிக்கொண்டது ஏஎம்டியின் டிஸ்ப்ளே நிரல். விண்டோஸ் குழுவோடு பகிரக்கூடிய ஒரு பெரும் பகுதியை 2016-இல் லினக்ஸுக்கு அனுப்பியது ஏஎம்டி. ஏறத்தாழ ஒரு லட்சம் வரிகள். அந்த ஆண்டு டிசம்பரில் கிராஃபிக்ஸ் பகுதியின் பராமரிப்பாளர் டேவ் ஏர்லி மறுத்துவிட்டார். லினக்ஸுக்கு ஏற்கெனவே டிஸ்ப்ளேக்கென்று பொதுக் கட்டமைப்பு உண்டு. புதிய நிரல் அதே கருத்துகளுக்குத் தன் சொந்த அமைப்புகளை வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கைப் போட்டிருந்தது. நாளை யாராவது பொதுக் கட்டமைப்பைத் திருத்த வேண்டுமென்றால் அந்த அடுக்கு குறுக்கே நிற்கும். ஏஎம்டி பொறியாளர்கள் நிரலைத் திருத்தியமைத்தார்கள். 2018 ஜனவரியில் வந்த 4.15-இல் அது சேர்ந்தது. சிப்பின் நேரக் கணக்குகள், பைப்லைன் அமைப்பு போன்றவை இன்றும் இயங்குதளம் சாராத பகுதியாகவே இருக்கின்றன. லினக்ஸோடு பேசும் பகுதி லினக்ஸின் மொழியிலேயே பேசுகிறது. மறுத்ததும் சரி, பிறகு ஏற்றதும் சரி என்பதே என் கருத்து. ஏசிபிஐசிஏ நின்ற இடத்தில் அதற்குப் போட்டியாகக் கர்னலுக்குள் வேறு எதுவும் இல்லை. ஏஎம்டி நிரல் வந்த இடத்திலோ ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தார்.

எத்தனை டிரைவர் ஆன பிறகு பிரிப்பது என்று கேட்பார்கள். இரண்டு மட்டும் இருக்கும்போது அவசரப்படாதீர்கள் என்பேன். இரண்டில் ஒத்திருப்பது சிப்பின் குணமா, இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்பதாலா என்று பிரித்தறிய முடியாது. மூன்றாவது வரும்போது, அதுவும் வேறு பஸ்ஸில் வரும்போது, கோடு தானாகத் தெரியும்.

பிரித்த பிறகு ஒரு பொறுப்பு தொடங்குகிறது. பொதுப் பகுதியில் செய்யும் ஒரு மாற்றம், அதைச் செய்தவர் கண்ணாலும் பார்த்திராத கணினிகளுக்கும் போகிறது. கியூஇஎம்யூ போன்ற எமுலேட்டர்கள் (வன்பொருளைப் போல நடிக்கும் மென்பொருள்கள்) 16550, என்இ2000, லான்ஸ் முதலியவற்றைப் போலி செய்வதால் பொதுப் பாதையை வன்பொருள் இல்லாமலே ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் எமுலேட்டர் கையேட்டைப் பார்த்து எழுதப்பட்டது; கையேட்டில் சொன்னபடி நடக்காத சிப் அதில் இருக்காது. டிசைன்வேர் சீரியல் போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி 16550-தான். ஆனால் தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வரிக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் எழுதினால் எழுதிய மதிப்பைப் புறக்கணித்துவிட்டு, "வேலையாக இருக்கிறேன்" என்று ஒரு இன்டரப்டை எழுப்பும். வேறொரு ரெஜிஸ்டரைப் படித்தால்தான் அது அடங்கும். லினக்ஸில் இதற்கான சில வரிகள் பொது 8250 நிரலில் இல்லை. அந்தச் சிப்புக்கான சிறு கோப்பில், ஏன் என்ற குறிப்போடு இருக்கின்றன. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், காரணம் தெரியாத நாலு வரி என்று நினைத்து நாளை யாரோ நல்லெண்ணத்தோடு அவற்றை நீக்கிவிடுவார்.